அத்தான் போட்ட திட்டம்

அக்கா அந்தக் காகிதத்தை நீட்டியபோதே எனக்கு வயிறு எரிந்தது.

"ஏழு நாளும் கார்லயே சுத்தப்போறோம். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர்தான். ஒவ்வொரு ஊர்லயும் மூணு மணி நேரம் நிப்போம். எல்லாம் உங்க அத்தான் போட்ட திட்டம்."

வருஷம் முழுக்க மெஷின்களோடு மல்லுக்கட்டும் அத்தானுக்கே இவ்வளவு ஆசை. எனக்கு வாய்த்தவரோ கடைத்தெருவைத் தாண்டமாட்டார். காகிதத்தை நைசாகப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

போய்வந்த அக்கா பயணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் கண் பட்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது.

அடுத்த வாரமே என் வீட்டுக்காரரை லீவு போடவைத்து அதே வழியில் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் அவர் முணுமுணுத்தார். "வயலும் மில்லும்தான் வருது. இங்க மூணு மணி நேரம் என்ன பாக்கறது?"

"அத்தான் சும்மா எழுதியிருக்க மாட்டார். நிறுத்துங்க."

மாவு மில் ஒன்றின் வாசலில் நிறுத்தினோம். எட்டிப்பார்த்த மில்காரரிடம் என் வீட்டுக்காரர் போனில் இருந்த திட்டத்தைக் காட்டி விசாரித்தார்.

"இது எங்க எடை மெஷின் சர்வீஸ்காரர் வர்ற ரூட்டாச்சே. போன வாரம்தான் வந்தார். பாவம், அவர் வீட்டம்மா மூணு மணி நேரமும் கார்லயே உக்காந்திருந்தாங்க."

அப்போது என் போன் அடித்தது. அக்கா.

"கொடுத்துவெச்சவடி நீ. உனக்காகவே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறார்." குரலில் புகைச்சல். "இப்ப எங்க இருக்கீங்க?"

எனக்கு வயிறு குளிர்ந்தது. மேலே படிந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னேன்.

"ஏரிக்கரையில, அக்கா."