மாமன் மடி

பாண்டியராஜன் மஸ்கட்டுக்கு விமானம் ஏற இன்னும் ஆறு மணி நேரமே இருந்தது. அதற்குள் அக்கா மகளை ஒருமுறையாவது மடியில் வைத்துக் கொஞ்சிவிட வேண்டும் என்று கொச்சியில் கலூரிலிருந்து மட்டாஞ்சேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். மூன்று வயது மகா அவனைப் பார்த்ததுமே அம்மா வசந்தியின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"மீன் விக்கிற சேட்டன்கிட்டகூடப் போறா. என்கிட்ட மட்டும் வரமாட்டேங்கிறாக்கா."

"மீசையை எடுத்துப் பாரேன்," என்று வசந்தி சிரித்தாள்.

"போன மாசமே எடுத்துப் பாத்துட்டேன். எல்லாம் அந்தக் காதுகுத்தால வந்தது. தாய்மாமன் மடியிலதான் உக்கார வைக்கணும்னு என் மடியில வச்சீங்க."

"அப்போ அவளுக்கு ஒரு வயசுடா. நடந்தது ஞாபகம் இருக்காது. ஆனா பயம் மட்டும் மனசுல தங்கிடுமாம், அங்கன்வாடி டீச்சர் சொன்னாங்க."

"தங்காம? என்னா அலறல். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்த எனக்கே குலை நடுங்கிச்சு. புள்ளைக்கு எவ்வளவு வலிச்சுதோ." அவன் கண் கலங்கியது. "குத்தினது ஆசாரி, பழி எனக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு நான் திரும்பி வந்தாலும் இவ கிட்ட வரமாட்டா."

வசந்தி சாயாவை அவன் கையில் கொடுத்தாள். "வருவா. நீ கொஞ்சம் மெதுவாப் பேசு, போதும்."

"மெதுவாப் பேசினா சரியாயிடுமா?"

"உனக்கு வெக்கமாப் போயிடும்னு இத்தனை நாள் யாரும் சொல்லல. அன்னைக்கு மகா வாழைப்பழத்தைச் சப்பிக்கிட்டுச் சும்மாதான் இருந்தா. அலறினது நீ."