பதில் வராத வளைகள்

காட்டு முயல்களுக்கு இருமல் நோய் வந்தபோது உடும்பு வைத்தியர் எல்லோருக்கும் பச்சிலைச் சாறு கொடுத்தார். பலன் எப்படி என்று கேட்டுவர அணிலை அனுப்பினார்.

அணில் ஒவ்வொரு வளை வாசலிலும் நின்று, "உடம்பு தேவலையா?" என்று கூவியது. பிறகு திரும்பி வந்து வைத்தியரிடம் சொன்னது:

"பதில் சொன்னவங்க நல்லாத்தான் இருக்காங்க, ஐயா. மத்த வளைகள்ல சத்தமே இல்லை. இருமல் சத்தம்கூட இல்லை."

"பார்த்தியா, இருமலே நின்னுபோச்சு!" என்று வைத்தியர் பூரித்தார். "நன்றி கெட்டதுங்க, குணமானதும் ஒரு வார்த்தை சொல்லத் தோணலை. போகட்டும். பதில் சொன்ன அத்தனை பேருக்கும் குணம்னு காடு பூரா சொல்லிட்டு வா."

கிளம்பிய அணிலுக்கு லேசாக இருமல் வந்தது. வைத்தியர் பரிவோடு சாற்றை நீட்டினார்.

அணில் ஒரே தாவலில் மர உச்சிக்கு ஏறி, அங்கிருந்தே கத்தியது: "பூரண குணம், ஐயா!"