ஓடறாரா, இல்லையா?

“பழைய ஷூவைப் பார்த்தே ஆள் எப்படி ஓடறார்னு சொல்லிடுவீங்களாமே, நிஜமா சார்?”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். அடுத்த நொடியே எழுந்துவிட்டாள்.

“நிஜம்தான்மா. முப்பது வருஷமா இதே வேலை. ஷூ யாருக்கு?”

“என் வீட்டுக்காரருக்கு. மராத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கார். ஆறு வாரம்தான் இருக்கு.”

“அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க. சாயங்காலமா வந்தா நல்லது, கால் லேசா வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விட்டுப் பார்த்து எடுக்கணும். பளபளப்பைப் பார்த்து வாங்கிட்டுப் போய், கால் நகம் கறுத்துப்போய்த் திரும்பி வர்றவங்க எத்தனை பேர் தெரியுமா?”

“அவர் வரமாட்டார். நான் வந்தது அவருக்குத் தெரியவும் கூடாது.”

“ஓ! பரிசா கொடுக்கப் போறீங்களா?”

அவள் பையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாம்பல் நிறம். நாடாக்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தன.

“இதுதான் அவர் போட்டுட்டுப் போறது. வாங்கி மூணு மாசம் ஆச்சு. சீக்கிரம் பாருங்க சார். அவர் ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள எடுத்த இடத்துலயே வச்சாகணும்.”

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“தினமும் போறாரா?”

“ஒரு நாள் விடறதில்லை. விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடறார். முதல்ல எல்லாம் அரை மணியில வந்துடுவார். இப்ப ஒண்ணரை மணி நேரம் ஆகுது. எங்கே இவ்வளவு நேரம்னு கேட்டா சிரிச்சே மழுப்பிடறார்.” வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். “மராத்தான் விஷயம்கூட அவர் சொல்லலை. போன்ல மெசேஜ் வந்தது, நான்தான் பார்த்தேன்.”

கடைக்காரர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. முன்பகுதியில் ரப்பர் கோடுகள் அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தன. பக்கவாட்டை விரலால் அழுத்தினார். மூன்று மாதம் ஓடியிருந்தால் ஸ்பாஞ்சு சுருக்கம் விழுந்து அமுங்கியிருக்கும். இது புதுசுபோல் துள்ளி மீண்டது.

சந்தேகமே இல்லை. இந்த ஷூ நடந்திருக்கிறது, அதுவும் நிதானமாக. நூறு அடிகூட ஓடியதில்லை.

ஷூவை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில் இப்படித்தான் ஓர் இளம் கணவனின் ஷூவைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தினமும் பத்து கிலோமீட்டர்ங்கறீங்க, ஷூ வேற கதை சொல்லுதே!” என்று விளையாட்டாகச் சிரித்தார். பக்கத்திலிருந்த மனைவி சிரிக்கவில்லை. “அப்ப காலையில எங்கே போறே?” என்று ஆரம்பித்தவள், வாசலிலேயே ஊர் கேட்க எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாள். பிறகு இருவரும் தனித்தனியாகிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து வேண்டாத இடத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை.

“என்ன சார், பார்த்தாச்சா?”

“இல்லம்மா, பார்த்துட்டிருக்கேன்.”

“சுத்தி வளைக்காதீங்க. கொஞ்ச நாளா எனக்குத் தூக்கமே இல்லை. அவர் சொல்றதை நம்பறதா வேண்டாமான்னு தெரியலை. பிள்ளைங்ககிட்ட சொன்னா, அப்பாவைப் போய் சந்தேகப்படறியேன்னு என்னைத்தான் திட்டுதுங்க.” அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இந்த ஷூ ஓடியிருக்கா, இல்லையா?”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு முறை துடைத்தார். முகம் தெரியாத அந்த மனுஷன் காலையில் எங்கே போய் உட்கார்ந்தாலும் போகட்டும். இத்தனை வருடக் குடித்தனம் நம் வாயால் கலைய வேண்டாம்.

“ஓடாம என்னம்மா? நல்லாவே ஓடியிருக்கு!” தாராளமாகச் சிரித்தார். “தினமும் பத்து, பன்னெண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. இந்தத் தேய்மானம் பொய் சொல்லாது. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காம நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தார். அது வெளிறிக்கொண்டே போனது. பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள்.

“என்னம்மா, என்ன ஆச்சு? தண்ணி தரட்டுமா?”

அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். ஷூவை அவசரமாகப் பையில் திணித்தாள்.

“நாலு மாசம் முன்னாடி அவருக்கு நெஞ்சைப் பொளந்து ஆபரேஷன் பண்ணாங்க சார். மெதுவா நடக்கலாம், ஒரு வருஷத்துக்கு ஓடினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். மெசேஜைக் காட்டிக் கேட்டதுலேருந்து, மராத்தான்லேருந்து பேரை எடுத்துட்டேன், வெறுமனே நடக்கத்தான் போறேன்னு தினமும் சத்தியம் பண்ணிட்டுப் போறாரே... பாவி மனுஷன்!”

சொல்லிக்கொண்டே அவள் தெருவில் இறங்கி, பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு, “நில்லுங்கம்மா! நான் சொன்னது பொய்! உங்க வீட்டுக்காரர் ஒரு நாள்கூட ஓடலை!” என்று கத்தியபடி பின்னாலேயே ஓடினார் கடைக்காரர்.