வாய் பேசாத யானை

தம் குழந்தைக் கதைகளை வைத்துப் பள்ளியில் போடும் இசை நாடகத்துக்குப் பாட்டுகளையும் தாமே எழுதுவதாக எழுத்தாளர் அடம்பிடித்தார். அவர் கதையில் அடுத்தவர் கை படக் கூடாதாம். முதல் பாட்டைத் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியும் காட்டினார். யானை தன் சோகத்தைச் சொல்லும் பாட்டு.

பாட்டு டீச்சர் தயங்கினார். "சார், உங்க கதைல யானை கடைசி வரைக்கும் வாயே திறக்காதே. அதனாலதான பிள்ளைங்களுக்கு அதைப் புடிக்கும்."

எழுத்தாளர் அவசரமாகப் பாட்டுத் தாளை மடித்தார். "பெத்தவனுக்குத் தெரியாதாம்மா? இந்தத் தடவை பேசட்டுமேன்னு விட்டேன்" என்று சமாளித்துவிட்டு, வராந்தாவுக்கு ஓடி மனைவிக்கு போன் போட்டார்.

"யானை பேசாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மானம் போச்சு."

"ஒவ்வொரு கதையும் எழுதிக் குடுக்கும்போதே சொன்னேனே" என்றாள் அவள். "உங்க பேரைப் போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை படிச்சிடுங்கன்னு."