ஸ்பீக்கரில் வந்த செல்லம்

பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் தன் காருக்குத் தானே ப்ளூடூத் ஸ்டீரியோ மாட்டினார். மூன்று ஞாயிறு வேலை. நான்கு திருகாணி மிச்சம்.

நேற்று மனைவியோடு ஏறிச் சாவியைத் திருகியதும் ஸ்பீக்கரில் ஒருத்தி கொஞ்சினாள். "செல்லம், எப்ப வருவ?"

"யாருங்க அவ?"

"சத்தியமா தெரியாதும்மா! வயரை மாத்திக் குடுத்துட்டேன் போல!"

"வயரு செல்லம்னு கூப்பிடுமா?"

அந்தம்மா பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். தெருவே வாத்தியாரை ஒரு மாதிரி பார்க்கிறது.

"பாவம், அவரு அப்படிப்பட்டவர் இல்லீங்க. நீங்களாவது அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்கிறாள் என் மனைவி.

எப்படிச் சொல்ல? ஸ்டீரியோவைச் சோதித்துப் பார்க்க வாத்தியார் இணைத்தது என் கைபேசியை. அவர் காரைக் கிளப்பிய நேரம், நான் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு, எனக்கு வந்த குரல்பதிவைத் தட்டிவிட்டு, 'சத்தமே வரலையே' என்று முழித்துக்கொண்டிருந்தேன்.