விக்டோரியாவின் நம்பர்

கும்மிடிப்பூண்டி ஆன்லைன் சென்டர் மேஜையில் ஜெரால்டுடைய போன் ஓயாமல் சிணுங்குகிறது. தெருவில் பாதிப் பேர் அரசாங்க விண்ணப்பங்களில் கடைக்காரரான அவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஓடிபி எல்லாம் அவருக்கே வருகிறது. உருக்காலை ஷிப்ட் முடிந்த கையோடு வந்த விக்டோரியா நின்றபடியே சொல்கிறாள்: "என் அப்ளிகேசன்ல உன் நம்பர எடுத்துட்டு என்னுத போடுண்ணா." "இன்னாம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?" "நம்பிக்கைலாம் கீது. அதுக்குன்னு ஊட்டு சாவிய உன் கைல குடுத்துட்டா போவாங்க?" ஜெரால்டுடைய விரல்கள் கீபோர்டில் கொஞ்சம் வேகமாகவே விழுகின்றன. அவள் உள்ளங்கையில், போனின் கீறல் விழுந்த திரையில் ஓடிபி ஒளிர்கிறது. ஜெரால்ட் பழக்கத்தில் கையை நீட்டுகிறார். அவள் போனைத் தரவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தீப்பொறி சுட்ட ஆள்காட்டி விரலால் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் தானே அழுத்துகிறாள்.