பீடி வாடை

"டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க, மாமா? பரிதிக்குப் புகையே ஆகாதாம்." என்றாள் மருமகள் இசைவாணி.

"பீடியை விட்டு ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றார் வீரையன்.

"ஆனா புள்ளைக்கு இருமல் நிக்கலையே! உங்க பாய், தலகாணியிலகூட அந்த வாடை அடிக்குது. இவன் ராத்திரியானா உங்ககிட்டதான் வந்து படுக்குறான். கொஞ்ச நாளைக்குக் குடவாசல்ல, அண்ணி வீட்டுல..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள்.

வீரையனுக்கு அவள்மேல் கோபமில்லை. நாற்பது வருடம் வயல்வரப்பில் பற்றவைத்த பீடி, பேரனின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார். இரண்டு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு, பேரனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டுக்கு எதிரேதான் பஸ் ஸ்டாப். அவர் அங்கே நிற்கும்போது, பரிதியை இடுப்பில் வைத்துக்கொண்டு இசைவாணி வாசலுக்கு வந்தாள். பால் கவர், கேரி பேக், பாம்பர்ஸ் என்று தினமும் சாயங்காலம் அவள் கொளுத்துகிற குப்பைதான் அங்கே குவிந்திருந்தது. இன்று அதன்மேல் அவருடைய பிளாஸ்டிக் பாயும் ஸ்பான்ஜ் தலையணையும் கிடந்தன. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். கரும்புகை சுருண்டு எழுந்து இருவரையும் மூடியது.

பரிதி கண்ணைக் கசக்கிக்கொண்டே தாத்தாவுக்கு டாட்டா காட்டினான். காட்டிய கை இறங்குவதற்குள் இருமல் வந்து மூச்சு இழுத்தது.

வந்து நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், ஜன்னல் வழியே வீரையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னியோட சரியாயிடும்டா, கண்ணு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.